நடுவில் ஒரு வேலிக்கம்பம்

மேலே பார்க்கக் கம்பம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெயிலில் காய்ந்து இறுகி, ஆணி அடித்தால் ஆணி வளையும் அளவுக்குக் கெட்டியாக இருந்த கம்பம் அது. என் வீட்டுக்காரர் கை வைத்ததும் தரையோடு ஒடிந்து, அவரையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது.

ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையது கோடி வீடு. கோடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தை வேலி போட்டு வளைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மைன் மூடிய பிறகு கேட்கவும் ஆள் இல்லை. மூச்சு இன்னும் சொன்னபடி கேட்ட காலத்தில், என் வீட்டுக்காரர் நீலகிரி மரக் கம்பங்களை நட்டு, முள்கம்பி இழுத்து, வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வேலி கட்டினார். உள்ளே ஒரு முருங்கை, அவரைப் பந்தல், கொஞ்சம் கீரை. ஆட்டுக்கும் பன்றிக்கும் பயந்து போட்ட வேலி அது. பிற்பாடு ஆடும் குறைந்துவிட்டது, கீரை போட எனக்கும் தெம்பில்லை. ஆனால் வேலி மட்டும் எங்களுக்கு வேண்டியதாகிவிட்டது.

அவர் அண்டர்கிரவுண்டில் டிம்பர்மேனாக இருந்தவர். பாறையை வெடி வைத்துக் குடைந்த இடத்தில் மேலே இருப்பது கீழே வராமல் இருக்க மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. பாறைத் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. அதனால் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மூச்சு திரும்பியதும் அடுத்த கம்பத்துக்குப் போவார். இப்படிக் கம்பம் கம்பமாகப் போனால் ரோட்டோரம் டீக்கடை பெஞ்சு வந்துவிடும். பழைய ஷிப்ட் ஆட்கள் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பேசுவது எல்லாம் பழைய பேச்சுதான், சுரங்கத்தில் யார் எந்த லெவல் ஆழத்தில் இருந்தார்கள், எந்த மேஸ்திரி கெட்டவன் என்று. ஆனாலும் அந்த பெஞ்சுக்குப் போய்வந்த நாளில் அவர் முகம் வேறாக இருக்கும். போகாத நாளில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

நான் வீட்டில் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் எங்கே வீட்டில் இருக்கிறேன்? விடியுமுன்னே ரயில் ஏறி பெங்களூர் போய், ஒரு ஆபீசில் தரை துடைத்து, பாத்ரூம் கழுவி, இருட்டிய பிறகு திரும்பி வருகிறவள். ரயிலில்தான் நாங்கள் பெண்கள் பீன்ஸ் நறுக்குவது, பூ கட்டுவது, தூங்குவது எல்லாம். வீடு என்பது உடம்பைக் கொண்டுபோய்ப் போடுகிற இடம். பகல் முழுக்க அவருக்குக் கை கொடுத்தது அந்தக் கம்பங்கள்தான்.

அவர் விழுந்தது ஒரு சனிக்கிழமை. எனக்கு அரை நாள் வேலை. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறேன், வேலியோரம் சேற்றில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒடிந்த கம்பம் பிள்ளையைப் போல மடியில் கிடக்கிறது. அதில் ஆணியடித்திருந்த கம்பி தொங்கிக்கொண்டிருக்கிறது.

"இன்னாங்க, இங்க குந்திக்கினு கீறீங்க?"

"போஸ்ட்டு கையோட வந்துடுச்சிமே."

"எப்ப வுழுந்தீங்க?"

"இப்பத்தான்."

கைலியில் இருந்த சேறு காய்ந்து வெளுத்திருந்தது. இப்பத்தான் விழுந்த சேறு அப்படிக் காயாது. மணிக்கட்டு வீங்கியிருந்தது, முட்டி சிராய்த்திருந்தது. சட்டைப்பையில் போன் இருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"போன் வச்சிக்கினு இன்னாத்துக்கு இப்பிடிக் குந்திக்கினு இருக்கீங்க? ஒரு போன் பண்ணா இன்னா?"

"நீ ரயில்ல இருப்ப. இன்னா பண்ணுவ, சங்கிலி புடிச்சி இழுப்பியா?"

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். எடை குறைந்திருந்தார். வாசற்படியில் உட்கார வைத்து முட்டியைக் கழுவும்போது, "ஒரு சத்தம்கூடப் போடல" என்றார். தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது கம்பத்தை.

அண்டர்கிரவுண்டில் மரம் முறிவதற்கு முன்னால் சத்தம் போடுமாம். பாரம் தாங்காதபோது முதலில் முனகும், அப்புறம் கிறீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்படி ஓடித் தப்பிய கதை ஒவ்வொரு டிம்பர்மேன் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. இரும்பை நம்பாதே, கல்லை நம்பாதே, மரம் ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போகும் என்பார். அப்பேர்ப்பட்ட மரம் சொல்லாமல் போனதுதான் அவருக்கு முட்டி வலியைவிடப் பெரிதாக இருந்தது.

பெங்களூரில் இருக்கும் மகன் சாயங்காலம் போன் பண்ணினான். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"அம்மா, போதும்மா. ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. நீயும் வேலைய வுட்டுரு."

"மூணாவது மாடிப்பா. லிஃப்ட்டு இல்ல."

"ஒரு தடவை ஏறிட்டா அப்பறம் இன்னா, எறங்கவே வேணாம்ல. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா."

அவன் பாசத்தில் சொன்னதுதான். ஆனால் இறங்கவே வேண்டாம் என்று சொன்னானே, ஸ்பீக்கரில் அதை இவரும் கேட்டார். முட்டியில் ஒட்டியிருந்த பஞ்சை நோண்டிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை நைனா வுழுந்தாருன்னா நான் கேட்டுக்கினு இருக்க மாட்டேன், வண்டி எடுத்துக்கினு வந்துடுவேன்" என்று சொல்லி மகன் போனை வைத்தான்.

பொய் சொல்வானேன், எனக்கும் ஆசைதான். ரயில் வேண்டாம், பக்கெட் வேண்டாம், காலையில் வெளிச்சம் வந்தபிறகு எழுந்திருக்கலாம். அந்த மூன்றாம் மாடியில் நான் நன்றாகத் தூங்குவேன். ஆனால் அந்த ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை நினைத்துப் பார்த்தேன். பெஞ்சு கிடையாது, யார் எந்த லெவலில் இருந்தான் என்று கேட்க ஆள் கிடையாது. அங்கே போனால் அவர் நாள் கணக்கில் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. ஆகவே வேலி நிற்க வேண்டும். அவர் மறுபடியும் விழக் கூடாது.

மறுநாள் ஞாயிறு. துவைக்க வேண்டிய துணி ஒரு குவியல் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொரு கம்பமாகப் பிடித்து ஆட்டினேன். பாதிக்கு மேல் ஆடியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் சுத்தியலால் நெஞ்சு உயரத்தில் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன். எல்லாம் கணீரென்று நல்ல சத்தம்தான் கொடுத்தது. ஒரு கம்பத்தைத் தோண்டி எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே இரும்பு. குழியின் அடியில் இருந்த பாகமும் பரவாயில்லை. தரை மட்டத்தில் மட்டும், ஒரு சாண் அளவுக்குக் கறுத்து, டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது. விரலை வைத்தேன், உள்ளே போனது.

சுற்றிலும் சாம்பல் நிறத்தில் சயனைடு மண்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மைனில் எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிச்சத்தை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் அது எங்கள் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அதில் புல் முளைக்காது. புல்லே முளைக்காத மண்ணில் கரையான் எப்படி வரும் என்பது எங்கள் லைன்காரர்களின் கணக்கு. அதனால் யார் வேலி போட்டாலும், பந்தல் கால் நட்டாலும், மூட்டையில் அந்த மண்ணை அள்ளி வந்து குழியை நிரப்புவோம். என் வீட்டுக்காரரும் நிரப்பினார். கரையான் வரவில்லை, உண்மைதான். ஒரு கம்பத்திலும் கரையான் அரித்த தடம் இல்லை. ஆனால் அந்த மாவு மண் இறுகிப்போய், கம்பத்தைச் சுற்றித் தட்டு போலக் குழிந்து, பெய்த மழையை எல்லாம் பிடித்து வைத்திருந்தது. விஷத்துக்குப் பயந்து கரையான் ஓடியது, தண்ணீர் பயப்படவில்லை.

"கரையான் வரலல்ல?" என்றார் அவர், தோண்டிப் போட்ட கம்பத்தைப் பார்த்து.

"வரல. தண்ணிதான் தின்னுச்சி."

"மறுபடியும் அந்த மண்ணே போடு. கொஞ்சம் ஓரமா மேடு பண்ணிக்கலாம்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அந்தப் பாறைத் தூளைத்தான் இத்தனை வருஷம் மூச்சில் இழுத்து நெஞ்சில் வைத்திருக்கிறார். அது போதாது என்று கம்பத்துக்கும் அதையே ஊட்டச் சொல்கிறார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

மறுநாள் ரயிலில் பூதிகோட்டைக்காரியிடம் சொன்னேன். பங்காருபேட்டையில் ஏறுகிறவள், என்னோடு ஒரே ஆபீசில் வேலை. அவளுக்கு வீட்டில் தெலுங்கு, ரயிலில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். நான் சொல்லி முடிப்பதற்குள் பீன்ஸை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்க ஊர்க்காரங்களுக்கு எல்லாத்துக்கும் சயனைடுதானா அக்கா? தரைக்கிட்ட ஈரமும் காத்தும் ஒண்ணா சேருது பாருங்க, அங்கதான் மரம் சாவும். அந்த எடத்தக் காப்பாத்துனா போதும்."

அவர்கள் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்று சொன்னாள். கம்பத்தின் அடியை நெருப்பில் காட்டி மேல்தோல் கரியாகும் வரை சுட வேண்டும், மண்ணுக்கு மேலே ஒரு சாண் வரைக்கும். ஆறியதும் தார் பூச வேண்டும். குழியின் அடியில் தண்ணீர் இறங்குவதற்கு ஜல்லி போட வேண்டும். நல்ல மண்ணைக் கெட்டியாக இடித்து நிரப்பி, கம்பத்தைச் சுற்றி மேடாக்கிவிட வேண்டும். மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். "இல்லன்னா எங்கள மாதிரி கல்லுக் கம்பமே வச்சிடுங்க. பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவரிடம் கல் கம்பம் என்றேன். வேண்டாம் என்றார். கல் சொல்லாமல் விழும் என்றார்.

"மரம் மட்டும் சொல்லுச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

சோறு போட்டேன், சாப்பிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் பெஞ்சுக்குப் போகவில்லை. டீக்கடையிலிருந்து ஒருத்தர் வந்து விசாரித்துவிட்டுப் போனாராம். இவர் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். கம்பம் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பூதிகோட்டையிலிருந்து கூட்ஸ் ஆட்டோவில் கம்பங்கள் வந்தன. பட்டை உரித்து, காய வைத்த நீலகிரி. மரம்தான். கல் வேண்டாம் என்றவரோடு மல்லுக்கு நிற்க எனக்குச் சக்தி இல்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டின் தார் வாங்கி வைத்திருந்தேன். தோட்டத்தில் நெருப்பு மூட்டி, கம்பங்களின் அடியைத் திருப்பித் திருப்பிச் சுட்டேன். புகை அவர் பக்கம் போனது. உள்ளே போய்ப் படுங்கள் என்றால் கேட்கவில்லை, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்ல மரத்த எரிச்சி நடறத இப்பத்தான் பாக்குறேன்" என்று ஒரு குத்தல். ஆனால் ஒரு கம்பம் ஒரு பக்கம் கரியாகாமல் இருந்ததை அவர்தான் பார்த்துச் சொன்னார். திருப்பிப் போட்டேன். ஆறியதும் தார் பூசினேன்.

பழைய குழிகளில் இருந்த சாம்பல் மண்ணை வழித்து எடுத்து, ஜல்லி போட்டு, முதல் கம்பத்தை நிறுத்தினேன். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், போதும் என்றார். கடப்பாரையின் மொட்டை முனையால் மண்ணை இடித்தேன். தோள் விட்டுப் போயிற்று. வாரம் முழுக்கத் துடைத்த கை, ஞாயிற்றுக்கிழமையும் இடிக்க வேண்டும் என்றால் அழுகைதான் வருகிறது. கொஞ்சம் அழுதேன். புகை எரிச்சல் என்று அவர் நினைத்திருப்பார்.

இரண்டாவது குழிக்குப் போகும்போது அவர் கூப்பிட்டார்.

"இந்தாமே. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒண்ணு போடு."

"எதுக்கு? கம்பி நல்லா நிக்கும். போன தடவை இவ்ளோ தூரம் வுட்டுத்தானே போட்டீங்க?"

"கம்பிக்கு இல்ல."

நான் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ்ளோ தூரம் மூச்சு வரல. கொஞ்ச நாளாவே வரல. அன்னிக்கிக் கூட, நடுவுல மூச்சு நின்னு, பாஞ்சி வந்துதான் போஸ்ட்டப் புடிச்சேன். அதான் முறிஞ்சிச்சி."

கம்பம் உளுத்திருந்தது, அது வேறு. ஆனால் அதன்மேல் அவர் அப்படி வந்து விழுந்தது எனக்குத் தெரியாது. அவர் மூச்சு ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போதவில்லை என்பதும் தெரியாது. நான் தினமும் கேட்பேன், எப்படி இருக்கீங்க என்று. நல்லா கீறேன் என்பார். மேலே தட்டினால் கணீரென்றுதான் சத்தம் வரும். எனக்குப் பயமாக இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, கம்பம் போதாதே என்றுதான் வாயில் வந்தது.

"பழசு கீதுல்ல" என்றார். "மேல் பாகம் நல்ல மரம். உளுத்தத அறுத்துட்டு, அதோட அடியயும் சுட்டு, தார் பூசி நடு. குட்டையா இருந்தா இன்னா, என் கைக்குத்தானே. இவ்ளோ போதும்." கையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அறுத்தேன். அவரைச் சாய்த்துவிட்டு அவர் மடியில் கிடந்த அதே கம்பத்தின் மேல்பாகம்தான் முதல் குட்டைக் கம்பம் ஆனது. சாயங்காலத்துக்குள் பாதிதான் முடிந்தது. மிச்சத்தை அடுத்த ஞாயிறு போட்டேன். கம்பங்களின் அடியெல்லாம் கறுப்பாக, சுற்றிலும் செம்மண் மேடாக, பார்ப்பதற்கு ஒன்றும் அழகாக இல்லை. பெரிசும் சின்னதுமாக நின்றது. பக்கத்து வீட்டுக்காரி இது என்ன புது மாடல் என்றாள். மாடல்தான் என்றேன்.

திங்கட்கிழமை அவர் மறுபடியும் பெஞ்சுக்குப் போவதாக இருந்தது. ரயிலில் எனக்குப் பீன்ஸ் நறுக்க ஓடவில்லை. ஆபீசில் காரிடார் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவர் நம்பர். பகலில் அவர் எனக்குப் போன் பண்ணியதே கிடையாது. விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். மகன் வண்டி எடுத்துக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். மாப்பைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து விடுகிற மூச்சு, கிறீச் கிறீச்சென்று.

"இன்னாங்க, இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல." மறுபடியும் மூச்சு. "நடு போஸ்ட்டாண்ட நிக்கிறேன். மூச்சு வாங்குது. சும்மாதான் சொன்னேன்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சரி. நில்லுங்க" என்றேன். "அடுத்த போஸ்ட்டாண்ட போயிட்டும் சொல்லுங்க."